தேம்ஸ் கரையில் ஒரு காங்கிரீட் மலை

பூச்சுப் பூசாத நாடக மாளிகை! வைததும் லண்டன்தான், காப்பாற்றியதும் லண்டன்தான்!

லண்டன் மாநகரில், வாட்டர்லூ பாலத்தின் தென்கோடியில், தேம்ஸ் நதியைப் பார்த்தபடி ஒரு கட்டடம் நிற்கிறது. அதற்கு வர்ணம் கிடையாது. சுண்ணாம்பு கிடையாது. பூ வேலை, சிற்ப வேலை எதுவும் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நீளநீளமான திறந்த மாடித் தளங்கள். அவற்றுக்கு மேலே ஒரு ஜன்னல்கூட இல்லாத இரண்டு பெரிய சதுரக் கோபுரங்கள். அடியிலிருந்து நுனி வரை ஒரே சாம்பல் நிறம். காங்கிரீட், காங்கிரீட், காங்கிரீட்!

சாயங்கால வேளையில் பாலத்தின் மேல் நின்று அதைப் பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுவார்கள். "என்ன கம்பீரம்!" என்பார் ஒருவர். "இது என்ன கோட்டையா, சிறைச்சாலையா?" என்பார் பக்கத்தில் நிற்பவர். இந்தச் சண்டை அரை நூற்றாண்டாக நடக்கிறது. இன்னும் தீர்ந்தபாடில்லை.

சிறைச்சாலையும் அல்ல, கோட்டையும் அல்ல; அது ஒரு நாடக சாலை. பிரிட்டிஷ் மக்களின் தேசிய நாடக அரங்கம். உள்ளே ஒன்றல்ல, மூன்று அரங்கங்கள் இருக்கின்றன. மூன்றிலும் சேர்ந்து ஒரே இரவில் 2,000-க்கு மேற்பட்ட ரசிகர்கள் உட்கார்ந்து நாடகம் பார்க்கலாம்.

1988-ம் ஆண்டு, அப்போது பட்டத்து இளவரசராக இருந்த சார்லஸ், டெலிவிஷனில் பேசும்போது இந்தக் கட்டடத்தைக் கேலி செய்தார். லண்டன் நகரின் நட்ட நடுவே, யாருடைய ஆட்சேபணையும் இல்லாமல் ஓர் அணுசக்தி நிலையத்தைக் கட்டிவிட்ட சாமர்த்தியம் என்று அவர் சொன்னது உலகமெங்கும் பரவிற்று. அந்த இளவரசர் இப்போது மன்னராகி விட்டார். கட்டடமும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இடிக்கச் சொன்னவர்கள் ஓய்ந்து போனார்கள். அதைச் சட்டமே இன்று பாதுகாக்கிறது.

இந்த மாறுதல் எப்படி நேர்ந்தது? அழகு என்பது சுவரின் மேல் பூசப்படுகிறதா, சுவருக்குள்ளேயே இருக்கிறதா? இதற்கு விடை காண வேண்டுமானால் கதையைச் சற்றுப் பின்னால் இருந்து தொடங்க வேண்டும்.

பெயரால் வந்த வினை

இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு ஆங்கிலத்தில் 'புரூட்டலிசம்' என்று பெயர். பெயரைக் கேட்டதும் மிருகத்தனம், முரட்டுத்தனம் என்று அர்த்தம் செய்துகொண்டவர்கள் அநேகர். பாதி வசவு அந்தப் பெயராலேயே வந்தது என்றாலும் தவறில்லை.

உண்மையில் இதன் வேர் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. 'பெத்தோன் புரூ' என்பது பிரெஞ்சுச் சொல். பச்சைக் காங்கிரீட், பூச்சு இல்லாத காங்கிரீட் என்பதுதான் அதன் பொருள். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு பிரான்சில் வீடு இல்லாத திண்டாட்டம். மார்செய் நகரில் பிரம்மாண்டமான ஒரு குடியிருப்பைக் கட்டும் பொறுப்பு லெ கொர்புசியே என்ற மேதையிடம் வந்தது. எஃகு கிடைக்கவில்லை, ஆகவே காங்கிரீட்டில் கட்டினார்கள். பல குத்தகைக்காரர்கள் சேர்ந்து செய்த வேலை. ஒரு சுவர் போல் மறு சுவர் அமையவில்லை. பலகை விலகிய இடம், மேடு பள்ளம் எல்லாம் அப்படி அப்படியே தெரிந்தன. 'இதைப் பூசி மறைக்க வேண்டாம். மனிதன் கைபட்ட அடையாளமாக இருக்கட்டும்' என்று அவர் தீர்மானித்தார். 1952-ல் அந்தக் கட்டடம் முடிந்தது. அந்தத் தீர்மானம் உலகெங்கும் உள்ள இளம் கட்டட நிபுணர்களைப் பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்தில் ஆலிசன் ஸ்மித்சன், பீட்டர் ஸ்மித்சன் என்ற தம்பதிகள் இந்தக் கொள்கையைத் தூக்கிப் பிடித்தார்கள். 1955-ல் ரேனர் பான்ஹம் என்ற விமர்சகர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பெயரை நிலைநாட்டினார். கொள்கை இதுதான்: கட்டடம் பொய் சொல்லக் கூடாது. செங்கல்லால் கட்டினால் செங்கல் தெரியட்டும். காங்கிரீட் என்றால் காங்கிரீட் தெரியட்டும். எந்தத் தூண் எந்தப் பாரத்தைத் தாங்குகிறது என்பது பார்ப்பவனுக்குப் புரியட்டும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பூச்சு இல்லாத வீட்டைப் பார்த்தால் 'பாவம், பணம் போதவில்லை போலிருக்கிறது' என்று நினைப்பதுதானே ஊர் வழக்கம்? லண்டன்வாசிகளும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நூறு வருஷக் கனவு

ஷேக்ஸ்பியர் பிறந்த நாட்டில் தேசிய நாடக அரங்கம் இல்லையே என்ற குறையை முதன்முதலில் எடுத்துச் சொன்னவர் ஒரு புத்தக வெளியீட்டாளர். எஃபிங்ஹாம் வில்சன் என்பது அவர் பெயர். சொன்ன ஆண்டு 1848. இருபதாம் நூற்றாண்டின் துவக்கத்தில் வில்லியம் ஆர்ச்சரும் கிரான்வில் பார்க்கரும் வரவு செலவுக் கணக்கோடு ஒரு திட்டம் தீட்டினார்கள். கமிட்டிகள் கூடின, கலைந்தன. மனை வாங்கினார்கள், யுத்தம் வந்தது. 1938-ல் வேறொரு மனையின் பத்திரங்களைப் பெர்னார்ட் ஷா கையில் வாங்கிக்கொண்டார். மறு வருஷமே மறு யுத்தம் வந்துவிட்டது!

1949-ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. 10 லட்சம் பவுன் வரை சர்க்கார் பணம் தரலாம் என்றது அந்தச் சட்டம். 'தரலாம்' என்றுதான் சொல்லிற்று. தந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1951 ஜூலை 13-ந் தேதி, தேம்ஸின் தென்கரையில், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி எலிசபெத் ராணியார் அஸ்திவாரக் கல் நாட்டினார். பிறகு இடம் மாறிற்று. கல்லும் இடம் மாறிற்று. கல் நாட்டிய இடத்தில் கட்டடம் வரவில்லை. கட்டடம் வந்தபோது அந்த ராணியாரின் மகள் அரியாசனத்தில் இருந்தார்.

கட்டடம் வருவதற்கு முன்பே நாடகக் குழு வந்துவிட்டது. 1963 அக்டோபரில், 'ஓல்டு விக்' என்ற பழைய கொட்டகையில், நடிகர் திலகம் லாரன்ஸ் ஒலிவியரின் தலைமையில் தேசிய நாடகக் குழு 'ஹாம்லெட்'டை அரங்கேற்றியது. சொந்த வீடு இல்லாமல் வாடகை வீட்டில் குடித்தனம் ஆரம்பித்த கதைதான்.

கொட்டகை கட்டாத நிபுணர்

அதே ஆண்டு நவம்பரில் கட்டட நிபுணரைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வு பெற்றவர் டெனிஸ் லாஸ்டன். வயது 49. யுத்த காலத்தில் ராணுவப் பொறியியல் படையில் சேவை செய்து நார்மண்டிக் கரையில் இறங்கியவர். அதுவரை அவர் ஒரு நாடகக் கொட்டகைகூடக் கட்டியதில்லை!

நேர்முகத் தேர்வுக்கு அவர் தன்னந்தனியாக வந்தார். நாடக சாலைகள் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்பதை மறைக்கவில்லை. கட்டடத்தின் ஆத்மாதான் முக்கியம் என்று பேசினார். 'எனக்குத் தெரியாது' என்று சொன்ன அந்த வார்த்தையே தேர்வுக் குழுவில் இருந்த கலைஞர்களைக் கவர்ந்துவிட்டது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வார் அல்லவா?

கேட்கத்தான் செய்தார். ஒலிவியர், பீட்டர் புரூக், பீட்டர் ஹால், கென்னத் டைனன் போன்ற நாடக உலகப் பெரும் புள்ளிகள் கொண்ட ஆலோசனைக் குழு மாதக் கணக்கில் கூடி விவாதித்தது. மேடை சபையின் நடுவே நீண்டிருக்க வேண்டுமா, படச் சட்டத்துக்குள் இருப்பதுபோல் தள்ளி இருக்க வேண்டுமா? ஒரே அரங்கத்தை வேண்டும்போது வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாமா? எல்லாவற்றுக்கும் ஏற்ற அரங்கம் எதற்கும் உதவாத அரங்கமாகிவிடும் என்று கடைசியில் கண்டார்கள். ஆகவே ஒன்றுக்குப் பதில் இரண்டு பெரிய அரங்கங்கள் என்று தீர்மானமாயிற்று. பரிசோதனை நாடகங்களுக்காகச் சிறிய அரங்கம் ஒன்றும் சேர்ந்துகொண்டது.

முதலில் பக்கத்திலேயே ஒரு இசை நாடக அரங்கமும் கட்டுவதாக ஏற்பாடு. 1966-ல் அதற்குப் பணம் இல்லை என்று கைவிட்டார்கள். 1967-ல் மனையே மாறியது. லாஸ்டன் தம் வரைபடங்களை ஓரமாக வைத்துவிட்டு, வாட்டர்லூ பாலத்தின் கீழ்ப்புறத்தில் உள்ள இப்போதைய இடத்துக்காகப் புதிதாக வரையத் தொடங்கினார். 1969-ல் வேலை ஆரம்பமாயிற்று.

சுவரில் மரத்தின் ரேகை

தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிறச் சுவர். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். காங்கிரீட்டில் மரத்தின் ரேகை ஓடுகிறது! கணுவும் வரியும், பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள கோடும், வாளால் அறுத்த தடமும் அப்படியே பதிந்திருக்கின்றன.

காங்கிரீட் போடும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலகை அடைத்து, கம்பி கட்டி, சிமெண்டும் மணலும் ஜல்லியும் கலந்த குழம்பை ஊற்றுவார்கள். இறுகியதும் பலகையைப் பிரிப்பார்கள். பலகையின் தடம் தெரியும். பிறகு பூசி மறைத்து விடுவார்கள். லாஸ்டனோ மறைக்கப் போவதில்லை. ஆகவே பலகைதான் இங்கே சிற்பியின் உளி. டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரத்தின் பலகைகளை, இழைக்காமல், அறுத்த மேனிக்கே பயன்படுத்தினார்கள். ஒரு பலகைக்கு இரண்டு முகம். ஒரு முகம் ஒரு தடவை, மறு முகம் ஒரு தடவை. அதோடு அதற்கு ஓய்வு. மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் ரேகை மழுங்கிவிடும் அல்லவா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பூசுகிற சுவரில் கொத்தன் தவறு செய்தால் பூச்சுக்காரன் காப்பாற்றுவான். பூசாத சுவரில் தவறு செய்தால் காப்பாற்ற ஆள் இல்லை. கலவை ஒரே பதமாக இருக்க வேண்டும். பலகை இம்மி விலகாமல் நிற்க வேண்டும். ஊற்றும்போது காற்று தங்கக் கூடாது. 'முரட்டு'க் கட்டடம் என்று பெயர் வாங்கிய இது, தச்சர்களின் நுட்பமான கைவேலை. பணம் போதாமல் பூசாமல் விட்டதல்ல. பூசுவதைவிட அதிகச் சிரமப்பட்டுப் பூசாமல் விட்டது.

கனமான காங்கிரீட் சுவருக்கு வேறொரு காரணமும் உண்டு. பக்கத்திலே பாலத்தின் போக்குவரத்து, ஆற்றிலே படகுகள், ஆகாயத்திலே ஹெலிகாப்டர். உள்ளே ஹாம்லெட் தனக்குத்தானே முணுமுணுப்பதும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். வெளிச் சத்தத்தைத் தடுக்கக் கனத்த சுவர் போல் துணை வேறு இல்லை.

ஜன்னல் இல்லாத கோபுரங்களின் ரகசியமும் இதுபோலத்தான். மேடைக்கு நேர் மேலே உள்ள உயரமான கூடுகள் அவை. காட்சி முடிந்ததும் படுதாக்களையும் தட்டிகளையும் கயிற்றில் மேலே இழுத்து ஒளித்து வைக்கும் இடம். அங்கே வெளிச்சம் எதற்கு, ஜன்னல் எதற்கு? மற்றக் கொட்டகைகளில் இந்தக் கூட்டை அலங்கார முகப்பு ஒன்றின் பின்னால் மறைப்பார்கள். லாஸ்டன் அதையே கட்டடத்தின் சிகரமாக்கிவிட்டார்.

மூன்று அரங்கங்கள்

மூன்றிலும் பெரியது ஒலிவியர் அரங்கம். 1,150 பேர் வரை உட்காரலாம். கிரேக்க நாட்டில் எபிடாரஸ் என்ற இடத்தில் 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட திறந்தவெளி நாடக அரங்கம் இருக்கிறது. மலைச் சரிவில் விசிறிபோல் விரிந்த கற்படிகள். கீழே வட்ட மேடை. அதுதான் இதற்கு ஆதர்சம். மேடையின் நடுவில் நிற்கும் நடிகர் தலையைத் திருப்பாமலே சபை முழுவதையும் கண்ணால் அளந்துவிடலாம். மன்னரும் மளிகைக்காரரும் ஒரே விசிறியில் உட்காருகிறார்கள். பிரபுக்களுக்கென்று தனிப் பெட்டிகள் கிடையாது.

இந்த மேடைக்குக் கீழே ஓர் அதிசயம் உண்டு. ஐந்து மாடி ஆழத்துக்கு இறங்கும் இரும்பு உருளை! அது சுழலும்; அதற்குள் மேடையின் பகுதிகள் மேலும் கீழும் போகும். ஒரு காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த காட்சி பாதாளத்தில் தயாராகி எழும்பி வரும். ஏற்பாடு அபாரந்தான். ஆனால் யந்திரம் ஆரம்பத்தில் அடம் பிடித்தது. திறந்து பல ஆண்டுகள் கழித்தே அதன் முழு வித்தையும் கைக்கு வந்தது. 1990-ல் நடந்த 'விண்ட் இன் தி வில்லோஸ்' என்ற நாடகத்தில் அந்த உருளையின் ஜாலத்தைப் பார்த்துக் குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

இரண்டாவது லிட்டில்டன் அரங்கம். சுமார் 890 இருக்கைகள். படச் சட்டம் போன்ற முகப்பும் திரையும் கொண்ட பழக்கப்பட்ட அமைப்பு. மூன்றாவது காட்டஸ்லோ என்ற சிறிய அரங்கம். பழைய காலத்தில் சத்திரத்து முற்றங்களில் கூத்து நடக்கும். சுற்றிலும் மாடத் தாழ்வாரங்களில் நின்று ஜனங்கள் பார்ப்பார்கள். அதுபோல் அமைந்த அரங்கம் இது. 2014-ல் புதுப்பித்த பிறகு, 1 கோடி பவுன் நன்கொடை தந்த லாயிட் டார்ஃப்மன் பெயரால் டார்ஃப்மன் அரங்கம் என்று வழங்குகிறது.

ஆனால் லாஸ்டன் கணக்குப்படி அரங்கங்கள் மூன்றல்ல, நான்கு! மொட்டை மாடிகளும் நடைகளும் படிக்கட்டுகளும் சேர்ந்ததுதான் நான்காவது அரங்கம் என்பது அவர் கருத்து. அங்கே நடிகர்கள் ஜனங்கள். பின்னணித் திரை தேம்ஸ் நதியும், எதிர்க்கரையில் தெரியும் செயின்ட் பால் மாதாகோயிலின் கோபுரமும். டிக்கெட் வாங்காதவரும் உள்ளே வரலாம், உட்காரலாம், ஆற்றைப் பார்க்கலாம். அந்த வாசல் இன்றும் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது.

ஒரே ஒரு இரவு

1969-ல் தொடங்கிய வேலை சீக்கிரம் முடியவில்லை. எழுபதுகளில் விலைவாசி ஏறிற்று. வேலைநிறுத்தங்கள் குறுக்கிட்டன. குறித்த தேதிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. 1973-ல் ஒலிவியர் பதவியிலிருந்து விலகினார். பீட்டர் ஹால் பொறுப்பேற்றார். கட்டி முடியட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும் என்று கண்ட ஹால், முடிந்த பகுதியில் குடியேறிவிடத் தீர்மானித்தார். 1976 மார்ச்சில் லிட்டில்டன் அரங்கம் திறந்தது. பக்கத்தில் தொழிலாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

1976 அக்டோபர் 25-ந் தேதி இரண்டாம் எலிசபெத் மகாராணியார் தேசிய நாடக அரங்கத்தை முறைப்படி திறந்து வைத்தார். அன்று ஒலிவியர் அரங்க மேடையில் ஒலிவியர் ஏறினார். அவர் சில வருஷங்களாக நோயால் நலிந்திருந்தார். வரவேற்புரை நிகழ்த்திவிட்டு இறங்கினார்.

அந்த மேடையில் அவர் ஏறியது அந்த ஓர் இரவுதான். எந்த மேடைக்காகப் பத்து வருஷம் வாதாடி, வரைபடங்களின் மேல் குனிந்து உட்கார்ந்து, பணத்துக்காக அலைந்தாரோ, அவர் பெயரையே தாங்கிய அந்த மேடையில் அவர் ஒரு நாடகத்தில்கூட நடிக்கவில்லை. 1989-ல் அவர் காலமானார். கட்டடம் ஒன்றை எழுப்புகிறவர் வேறு, அதில் வாழ்கிறவர் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வசவும் வாழ்த்தும்

கட்டடத்தைப் புகழ்ந்தவர்களில் ஒருவர் யாரும் எதிர்பாராதவர். ஆஸ்தான கவி ஜான் பெட்ஜமன். பழைய மாதாகோயில்களுக்காகவும் பழைய ரயில் நிலையங்களுக்காகவும் போராடியவர் அவர். புதுமை என்றாலே முகம் சுளிப்பார் என்று பெயர். அவரே 1973-ல், வேலை நடந்துகொண்டிருந்தபோது அதைப் பார்த்து மகிழ்ந்துபோய் லாஸ்டனுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார்.

குறை சொன்னவர்கள் சொன்னதெல்லாம் பொய்யும் அல்ல. லண்டன் மழையில் காங்கிரீட் சுவர் கறை படிந்து அழுது வடிகிறது. வெயிலில் பொன்போல் இருக்கும் சுவர் மழையில் ஈரத் துணிபோல் ஆகிவிடுகிறது. வாசல் எங்கே என்று புரியாமல் சுற்றியவர்கள் உண்டு. ஒலிவியர் அரங்கம் மிகப் பெரிது, குரலை எட்ட வைப்பது பெரும்பாடு என்று நடிகர்கள் முறையிட்டதும் உண்டு. ஆற்றங்கரையில், ஜனங்கள் நடமாட வேண்டிய முகப்பிலே, சரக்கு இறக்கவும் குப்பை எடுக்கவும் ஆன முற்றம் அமைந்துவிட்டது ஒரு பெருங் குறை.

2001-ல் பொதுமக்களிடம் எடுத்த ஒரு வாக்கெடுப்பில், பிரிட்டனில் ஜனங்களுக்கு மிகவும் பிடித்த கட்டடங்களின் பட்டியலில் இது இடம் பெற்றது. மிகவும் பிடிக்காத கட்டடங்களின் பட்டியலிலும் இதே கட்டடம் இடம் பெற்றது! வெறுக்கவோ நேசிக்கவோ வைத்ததே தவிர, யாரையும் சும்மா கடந்து போக அது விடவில்லை.

1994-ல், கட்டடத்துக்கு 18 வயதே நிரம்பியிருந்தபோது, பாதுகாக்க வேண்டிய சிறப்புக் கட்டடங்களின் இரண்டாம் நட்சத்திர வரிசையில் சர்க்கார் அதைச் சேர்த்தது. சாதாரணமாக முப்பது வயதாவது ஆன கட்டடங்களுக்கே கிடைக்கும் மரியாதை அது. அந்த ஆண்டில்தான் லாஸ்டனுக்கு 80 வயது நிரம்பிற்று. தம் கட்டடத்தில் பிறர் செய்ய வந்த மாறுதல்களை அந்த முதிய வயதிலும் அவர் எதிர்த்து வாதாடினார். 2001 ஜனவரியில் அவர் மறைந்தார்.

இடிந்து போன சகோதரர்கள்

எல்லாக் காங்கிரீட் நாடக சாலைகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஜான் ஜோஹன்சன் என்ற பேர்பெற்ற நிபுணர் இரண்டு நாடக சாலைகள் கட்டினார். ஒன்று பால்டிமோர் நகரில் 1967-ல் திறந்த மெக்கானிக் அரங்கம். உள்ளே எந்த அறை எங்கே என்பதை வெளியிலிருந்தே சொல்லும்படி காங்கிரீட் புடைப்புகள் துருத்திக்கொண்டு நிற்கும் கட்டடம். மற்றொன்று ஓக்லஹாமா நகரில் 1970-ல் எழுந்த மம்மர்ஸ் அரங்கம். அமெரிக்கக் கட்டடக் கலைச் சங்கத்தின் விருது பெற்றது. குழாய்களையும் பெட்டிகளையும் இணைத்ததுபோன்ற அதிசய உருவம்.

பால்டிமோர் அரங்கம் 2004-ல் மூடப்பட்டது. ஓக்லஹாமா அரங்கம் 2010-ல் வெள்ளத்தில் சிக்கிச் சேதமடைந்தது. காப்பாற்றுங்கள் என்று குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பணம் கொடுத்தவர்கள் இல்லை. 2012-ல் 96-வது வயதில் ஜோஹன்சன் காலமானார். 2014-ம் ஆண்டு, ஒரே ஆண்டில், இரண்டு அரங்கங்களும் இடித்துத் தள்ளப்பட்டன. ஐம்பது வயதைக்கூட எட்டாத கட்டடங்கள்!

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. லெ கொர்புசியே சண்டீகரில் எழுப்பிய பச்சைக் காங்கிரீட் மாளிகைகள் 2016-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அகமதாபாத்தில் பாலகிருஷ்ண தோஷி அமைத்த தாகூர் நினைவு அரங்கம், காகிதத்தை மடித்து நிறுத்தினாற்போல் மடிப்பு மடிப்பான காங்கிரீட் சுவர்களோடு நிற்கிறது. அந்த மடிப்புகளுக்குக் கணக்குப் போட்ட பொறியாளர் மகேந்திர ராஜ். அதே மகேந்திர ராஜ் கணக்குப் போட, ராஜ் ரேவால் டில்லியில் 1972-ல் கட்டிய 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' என்ற பொருட்காட்சி மண்டபம் 2017 ஏப்ரலில் ஓர் இரவில் தரைமட்டமாயிற்று. கட்டிய இருவரும் உயிரோடு இருக்கும்போதே அது நடந்தது.

பழையதானால் அழகாகி விடுமா?

ஒரு கட்டடம் புதிதாக இருக்கும்போது வேடிக்கை பார்க்கிறார்கள். நூறு வயதானால் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நடுவிலே நாற்பது, ஐம்பது வயதில்தான் அதற்குக் கண்டம். அப்போது அது பழைய நாகரிகம். ஆனால் புராதனம் அல்ல. கூரை ஒழுக ஆரம்பிக்கும். கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் பெயரும். பழுது பார்க்கப் பணம் கேட்கும். அந்த வயதைத் தாண்டிவிட்ட கட்டடம் பிழைத்துக்கொள்ளும்.

இப்போது இன்னொரு நியாயமும் சேர்ந்திருக்கிறது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு சிமெண்ட் தயாரிப்பால் வருகிறது. நிற்கும் கட்டடத்தை இடித்துவிட்டு மறுபடியும் சிமெண்ட் காய்ச்சுவதைவிட, இருப்பதைச் செப்பனிட்டுக்கொள்வது மேல் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள்.

லண்டனில் அப்படித்தான் செய்தார்கள். சுமார் 8 கோடி பவுன் செலவில் நடந்த சீர்திருத்தம் 2015-ல் முடிந்தது. ஆற்றங்கரை முகப்பில் இருந்த சரக்கு முற்றத்தை அப்புறப்படுத்தி, ஜனங்கள் உட்கார இடம் அமைத்தார்கள். பின்புறத்தில் புதிய தொழிற்கூடம் எழுந்தது. படுதா எழுதுவதையும் தட்டி அடிப்பதையும் மேலிருந்து யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஒரு நடைபாதையும் போட்டார்கள். காங்கிரீட்டின் மேல் மட்டும் யாரும் வர்ணம் பூசவில்லை.

2007-ல் இரண்டு கலைஞர்கள் லிட்டில்டன் அரங்கத்தின் அந்த ஜன்னல் இல்லாத கோபுரத்தில் புல் விதையை ஒட்டி வைத்தார்கள். சில நாளில் சுவர் முழுதும் பச்சைப் பசேலென்று முளைத்தது. சில வாரம் தழைத்துப் பிறகு வாடிற்று. 'அணுசக்தி நிலைய'த்தில் புல் முளைத்ததைப் பார்க்க ஜனங்கள் பாலத்தின் மேல் நின்றார்கள்.

இன்றும் மாலை நேரத்தில் அந்த மாடித் தளங்களில் நாடகம் பார்க்க வந்தவர்களும், நாடகத்துக்குச் சம்பந்தம் இல்லாதவர்களும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். மாணவன் ஒருவன் புத்தகத்தை விரித்துக்கொண்டிருப்பான். சுவரில் ஓடும் மரத்தின் ரேகையை ஒரு குழந்தை விரலால் தடவிப் பார்க்கும். அந்தப் பலகைகளை அடைத்த தச்சர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் கைவேலை முழுதும் பூச்சுக்குள் மறையாமல், ஆற்றைப் பார்த்தபடி வெளியே தெரிந்துகொண்டிருக்கிறது.